விபத்தில் பட்ட காயம் ஆறிவிட்டது, தங்கை இன்னும் சாலைக்கு வர மறுக்கிறாள்: என்ன செய்வது?

கேள்வி: மேடவாக்கத்து அண்ணன்

அனைவருக்கும் வணக்கம். என் தங்கைக்கு இருபத்தெட்டு வயது. சென்ற ஆண்டு ஐப்பசி மழையில், அலுவலகம் முடிந்து துரைப்பாக்கம்–பல்லாவரம் ரேடியல் சாலையில் ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தபோது, தண்ணீர் லாரி ஒன்று பக்கவாட்டில் உரசி அவளைத் தள்ளிவிட்டது. பின்னால் அமர்ந்திருந்த அவளுடைய அலுவலகத் தோழி அந்த இடத்திலேயே இறந்துபோனார். தங்கைக்கு இடது காலில் எலும்பு முறிவு. அறுவை சிகிச்சை செய்து தகடு வைத்தார்கள். பிசியோதெரபியும் முடிந்து இப்போது நன்றாகவே நடக்கிறாள்.

ஆனால் அவள் பழையபடி இல்லை. ஏர் ஹாரன் சத்தம் கேட்டால், வீட்டுக்குள் இருந்தாலும் கையில் இருப்பதைக் கீழே போட்டுவிடுகிறாள். எங்கள் தெருவுக்கு வாரம் இருமுறை தண்ணீர் லாரி வரும். அது வரும் நேரத்தில் குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொள்கிறாள். காரில் போனால் கண்களை மூடிக்கொண்டு கதவின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொள்கிறாள். ரேடியல் சாலை வேண்டாம் என்பதால் எங்கே போவதென்றாலும் சோழிங்கநல்லூர் சுற்றியே போகிறோம். இறந்த தோழியின் பெயரை வீட்டில் யாரும் சொல்லக் கூடாது. அந்தப் பெண்ணின் தாயார் அழைத்தால் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிடுகிறாள். ஒரே ஒரு முறை என்னிடம், "அன்றைக்கு ஆபீஸ் வண்டி வரவில்லை, நான்தான் அவளை வா என்று கூப்பிட்டேன்" என்று சொன்னாள். அதற்கு மேல் பேசவில்லை.

அம்மா வேப்பிலை அடித்து மந்திரித்து, தாயத்தும் கட்டிவிட்டார். கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும் என்பது அவருடைய நம்பிக்கை. குடும்ப மருத்துவர் தூக்க மாத்திரை எழுதிக்கொடுத்தார். அதை இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறாள். இதற்கிடையில் இழப்பீட்டு வழக்கில் அவள் சாட்சி சொல்ல வேண்டிய நாளும் நெருங்குகிறது.

இது நோயா, அல்லது நாளாக நாளாகத் தானே போய்விடும் பயமா? உளவியலாளரிடம் போனால் நடந்ததை எல்லாம் மீண்டும் சொல்லச் சொல்வார்களாமே, அது ஆறிவரும் புண்ணைக் கிளறுவது ஆகாதா? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: மருத்துவ உளவியலாளர், அடையாறு

நேரில் பார்க்காத ஒருவருக்கு நோயின் பெயரைச் சூட்டுவது முறையாகாது. ஆகவே பொதுவாகச் சொல்வதாகவே இதை எடுத்துக்கொள்ளுங்கள். இருப்பினும் நீங்கள் எழுதியிருப்பவை ஒரு மதிப்பீட்டுக்கு அழைத்துச் செல்லப் போதுமானவை மட்டுமல்ல, அதைத் தள்ளிப்போடக் கூடாது என்பதற்கும் போதுமானவை.

பெரும் விபத்துக்குப் பின் முதல் சில வாரங்கள் தூக்கம் கெடுவதும், திடுக்கிட்டு எழுவதும், அந்தக் காட்சி கண்முன் வந்துவந்து போவதும் இயல்பு. பெரும்பாலானோருக்கு இவை எந்தச் சிகிச்சையும் இல்லாமலே தணிந்துவிடும். ஒரு மாதத்தைக் கடந்தும் இவை நீடித்து, வேலையையும் உறவுகளையும் முடக்கும்போதுதான் பி.டி.எஸ்.டி., அதாவது பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மன அழுத்தக் கோளாறு, என்ற பெயருக்கு இடம் வருகிறது. 1980ஆம் ஆண்டில் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் இந்தப் பெயரைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. அதற்கு முன் போர்க்களத்திலிருந்து திரும்பிய சிப்பாய்களின் பிரச்சினையாகவே இது பெரும்பாலும் பேசப்பட்டது. நம் ஊரில் இதைக் காணப் போர்க்களம் தேவையில்லை. 2022ஆம் ஆண்டில் மட்டும் தமிழ்நாட்டில் 64,000க்கும் மேற்பட்ட சாலை விபத்துகள் பதிவாயின. எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் நமக்குத்தான். அவற்றில் உயிர் பிழைத்தவர்களுடைய எலும்பையும் தசையையும் கவனிப்பதற்கு நம்மிடம் நல்ல ஏற்பாடுகள் இருக்கின்றன. மனத்தைப் பற்றி மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் நாளில் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை என்பது என் நெடுநாளைய ஆதங்கம்.

உங்கள் தங்கை ஹாரன் சத்தத்துக்குப் பாத்திரத்தைக் கீழே போடுவதை மன உறுதி இல்லாமை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சாதாரண நினைவுக்கு நாளும் இடமும் உண்டு. அது நடந்து முடிந்தது என்பதும் அந்த நினைவிலேயே அடங்கியிருக்கும். உயிருக்கே ஆபத்து என்ற கணத்தில் அட்ரினலின் பெருகி உடல் முழுவதும் தற்காப்புக்குத் திரும்பும்போது, மூளையில் ஆபத்தை மோப்பம் பிடிக்கும் அமிக்டலா என்ற பகுதி சத்தத்தையும் வாடையையும் ஈரச் சாலையின் பளபளப்பையும் ஆழமாகப் பதித்துக்கொள்கிறது. அவற்றுக்கு நேரமும் வரிசையும் கொடுத்து அடுக்கும் ஹிப்போகேம்பஸ் அந்த வேகத்துக்கு ஈடுகொடுப்பதில்லை. விளைவாக, பின்னொரு நாள் அதே சத்தம் கேட்டால் அது நினைவாக வருவதில்லை. இப்போது நடப்பதாகவே உடல் எடுத்துக்கொள்கிறது. சாம்பிராணிப் புகைக்கும் அலறுகிற தீ எச்சரிக்கை மணியைப் போன்றது அது. மணி பழுதாகவில்லை, எதற்கு அடிக்க வேண்டும் என்ற அளவுதான் மாறிப்போயிருக்கிறது.

அந்த அளவு ஏன் தானாகத் திரும்பவில்லை என்பதுதான் முக்கியமான கேள்வி. அதற்கான விடை உங்கள் பதிவிலேயே இருக்கிறது. சோழிங்கநல்லூர் சுற்றிப் போகும் ஒவ்வொரு முறையும் உங்கள் தங்கைக்கு ஓர் ஆறுதல் கிடைக்கிறது. ரேடியல் சாலை உண்மையிலேயே கொல்லும் சாலை, சுற்றிப் போனதால்தான் பிழைத்தோம் என்று அந்த ஆறுதல் அவளுடைய மூளைக்குச் சொல்லிக்கொடுக்கிறது. குளியலறைக்குள் போய்த் தாழிடுவதும், கண்களை மூடிக்கொள்வதும், தோழியின் பெயரைத் தவிர்ப்பதும் இதே வேலையைத்தான் செய்கின்றன. விபத்து பயத்தைத் தோற்றுவித்தது. அதற்குத் தினமும் தீனி போடுவது தவிர்த்தல்தான். நீங்கள் அனைவரும் பாசத்தினால் அந்தத் தவிர்த்தலுக்குத் துணை நிற்கிறீர்கள். குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. துன்பப்படுகிறவரைச் சுற்றியிருக்கும் எந்த நல்ல குடும்பமும் இதைத்தான் செய்யும்.

பயத்தைவிட எனக்குக் கவலை தருவது, "நான்தான் அவளை வா என்று கூப்பிட்டேன்" என்று அவர் சொன்னது. பிழைத்தவர்கள் சுமக்கும் குற்ற உணர்வு பல நேரங்களில் பயத்தைவிடப் பிடிவாதமானது. "உன் மேல் தப்பில்லையம்மா" என்று நூறு பேர் சொன்னாலும் அது கரையாது, ஏனென்றால் அவரைப் பொறுத்தவரை அது அவருக்கு மட்டுமே தெரிந்த உண்மை. சிகிச்சையில் நாங்கள் ஆறுதல் சொல்வதில்லை. அன்று மாலை மழையில், அலுவலக வண்டி வராத நிலையில், தோழியை வண்டியில் ஏற்றிக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தபோது அவருக்கு என்ன தெரிந்திருந்தது, எது தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை என்று அந்த மணித்துளிகளை அவரோடு அமர்ந்து பிரித்துப் பார்க்கிறோம். பின்னால் தெரியவந்ததை முன்னாலேயே தெரிந்தது போலக் கருதித் தன்னைத் தண்டித்துக்கொண்டிருப்பதை அவரே ஒரு நாள் கண்டுகொள்வார். அதன் பிறகுதான் பல பேருக்கு முதன்முதலாக அழுகை வருகிறது. அதுவரை அங்கே துக்கத்துக்கே இடம் இருந்திருக்காது.

புண்ணைக் கிளறுவதா என்ற உங்கள் அச்சத்தில் பாதி நியாயம் இருக்கிறது. விபத்து நடந்த முதல் நாட்களில் பாதிக்கப்பட்டவரை உட்காரவைத்து நடந்ததை எல்லாம் சொல்லச் சொல்வது பயன் தருவதில்லை, சிலருக்குத் தீங்காகவும் முடியும். பார்க்க வரும் ஒவ்வொருவரும் "எப்படி ஆச்சு?" என்று கேட்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். உங்கள் தங்கைக்கு வேண்டியது அதுவல்ல. பல மாதங்கள் கழிந்தபின், நம்பிக்கையான ஓர் இடத்தில், எப்போது தொடங்குவது எப்போது நிறுத்துவது என்பது தம் கையில் இருக்க, தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரு சம்பவத்தைச் சொல்லிமுடிப்பது முற்றிலும் வேறு. அதைத்தான் அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிதல்-நடத்தைச் சிகிச்சைகள், அதாவது எண்ணங்களையும் நடத்தையையும் படிப்படியாக மாற்றும் பேச்சுவழிச் சிகிச்சைகள், செய்கின்றன. கண்களை இருபுறமும் அசைத்தபடியே அந்த நினைவை மனத்தில் கொண்டுவரச் செய்யும் ஈ.எம்.டி.ஆர். என்ற முறையும் உண்டு. 1980களின் பிற்பகுதியில் பிரான்சின் ஷாப்பிரோ என்ற அமெரிக்க உளவியலாளர் வகுத்தது. அதில் கண்ணசைவைப் பயன்படுத்துவதால் மாயவித்தை என்று சிலர் நினைக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் முறைகளுள் அதுவும் ஒன்று. எந்த முறையாக இருந்தாலும் பொதுவாக எட்டிலிருந்து பதினைந்து அமர்வுகள் ஆகும். சிலருக்குக் கூடுதலாகவும் தேவைப்படும்.

தூக்க மாத்திரை பற்றி: அது அல்பிரசோலம், டயசிபாம் வகையைச் சேர்ந்ததாக இருந்தால் இந்தப் பிரச்சினைக்கு நீண்டகாலத் தீர்வாகாது, பழக்கமாகிவிடும். ஆனால் இதைப் படித்துவிட்டு இன்றிரவே நிறுத்திவிடாதீர்கள். மாதக்கணக்கில் எடுத்ததைத் திடீரென்று நிறுத்தினால் பதற்றம் பலமடங்காகும், அரிதாக வலிப்பும் வரலாம். மனநல மருத்துவர் ஒருவர் படிப்படியாகக் குறைத்துத் தருவார். தேவைப்பட்டால் செர்ட்ரலின் போன்ற வேறு மருந்துக்கு மாற்றுவார். அது வேலைசெய்யத் தொடங்கச் சில வாரங்கள் பிடிக்கும்.

பதில்: ஓய்வுபெற்ற ஓட்டுநர், ராயபுரம்

தம்பி, நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பேருந்து ஓட்டியவன். என் வண்டியின் குறுக்கே வந்து விழுந்தவர்களும் உண்டு, நான் கண்ணால் கண்ட சாவுகளும் பல உண்டு. எங்கள் காலத்தில் உளவியலாளர் என்ற சொல்லையே யாரும் கேள்விப்பட்டதில்லை. காவல் நிலையத்திலிருந்து வெளியே விட்டதும் மறுநாளோ மறுவாரமோ அதே வழித்தடத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்தாக வேண்டும், பிடித்தோம். முதல் நடை கை நடுங்கும், பத்தாவது நடையில் நடுக்கம் போய்விடும். அந்த மேடம் இவ்வளவு நீளமாக எழுதியிருப்பதை மதிக்கிறேன், ஆனாலும் பிள்ளையை ஒரு மாதம் தினமும் அந்தச் சாலையிலேயே கூட்டிக்கொண்டு போய் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது என் அனுபவம். உட்காரவைத்துப் பேசப் பேசத்தான் பயம் பெரிதாகும்.

எல்லோரும் என்னைப் போல் தேறினார்கள் என்றும் சொல்லமாட்டேன். என்னோடு வேலைக்குச் சேர்ந்த ஒருவர், பள்ளிக்கூடப் பையன் ஒருவன் அடிபட்ட பிறகு, பகலில் ஒழுங்காக ஓட்டுவார், இரவில் குடிக்காமல் தூங்கமாட்டார். ஐம்பதைத் தாண்டவில்லை.

பதில்: பெரம்பூர் வாசகி

நான் இந்தச் சிகிச்சையை முடித்தவள் என்பதால், உள்ளே என்ன நடக்கும் என்பதை எழுதினால் சகோதரருக்கு உதவும் என்று நினைக்கிறேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் நாங்கள் சென்ற வேன் கவிழ்ந்தது. உயிரிழப்பு இல்லை, ஆனால் கண்ணாடி உடைந்து சிதறிய சத்தத்தோடு நான் இரண்டு ஆண்டுகள் குடித்தனம் நடத்தினேன். சமையலறையில் எவர்சில்வர் தட்டு விழுந்தால் போதும், உடம்பெல்லாம் வியர்த்துவிடும்.

முதல் இரண்டு மூன்று அமர்வுகளில் விபத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. தூக்கம், சாப்பாடு, வீட்டில் யார் யார், எதையெல்லாம் தவிர்க்கிறேன் என்பவைதான். மூச்சை இழுப்பதைவிட விடுவதை மெதுவாக, நீளமாகச் செய்யக் கற்றுக்கொடுத்தார். நான் தவிர்ப்பவற்றையெல்லாம் எழுதவைத்து, ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து நூறு வரை பயத்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். பால்கனியில் நின்று சாலையைப் பார்ப்பதற்கு இருபது, மாநகரப் பேருந்தில் சன்னலோரம் உட்காருவதற்கு ஐம்பது, வேனில் ஏறுவதற்குத் தொண்ணூற்றைந்து என்று வரிசை வந்தது. கீழிருந்து மேலாகத்தான் ஏறினோம். நூறடி சாலையில் நடைமேம்பாலத்தில் நின்று, கீழே வண்டிகள் போவதை, பயம் பாதியாகக் குறையும்வரை பார்த்துவிட்டு வா என்றார். முதல் நாள் முக்கால் மணி நேரம் நின்றேன். பூக்காரம்மா ஒருவர் பக்கத்தில் வந்து, "என்னம்மா, யாருக்காகக் காத்திருக்க?" என்று கேட்டுவிட்டுக் கூடவே நின்றார், நான் ஏதாவது செய்துகொள்ளப் போகிறேன் என்று நினைத்திருப்பார் போலும்.

பேருந்தில் நான் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, கண்களை மூடி, முருகா முருகா என்று விடாமல் சொல்லிக்கொண்டே போவேன். அதை என் சிகிச்சையாளர் விடச் சொன்னபோது எனக்குக் கோபமே வந்தது. கிளம்பும் முன் கும்பிடுங்கள், திரும்பி வந்து கும்பிடுங்கள், வழியில் மட்டும் கண்ணைத் திறந்து சாலையைப் பாருங்கள் என்றார். கம்பியைப் பிடித்ததால்தான் ஒன்றும் ஆகவில்லை என்று மனம் நம்பிவிட்டால், பிடிக்காவிட்டாலும் ஒன்றும் ஆகாது என்பதை அது கற்றுக்கொள்ளவே கற்றுக்கொள்ளாது என்று பொறுமையாக விளக்கினார்.

பிறகுதான் நடந்ததைச் சொல்லும் கட்டம். நான் சொல்வதை என் கைபேசியிலேயே பதிவுசெய்து, வீட்டில் தினமும் ஒரு முறை கேட்கச் சொன்னார். அந்த ஓரிரு வாரங்கள் மோசமானவை என்பதை மறைக்க விரும்பவில்லை. கனவுகள் கூடின, விட்டுவிடலாம் என்றே தோன்றியது. இது வரும் என்று அவர் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் மட்டுமே தொடர்ந்தேன். ஒரு நாள் அந்தப் பதிவைக் கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறேன் என்பதைக் கவனித்தேன். கண்ணாடி உடையும் இடம் வந்தது, போனது, கை நிற்கவில்லை. இன்றும் வேனில் முன் இருக்கையில் உட்கார எனக்குப் பிடிக்காது. ஆனால் உட்காருகிறேன்.

ராயபுரம் ஐயாவிடம் ஒன்று: எங்கள் வீட்டிலும் முதலில் நீங்கள் சொன்னதைத்தான் செய்தார்கள். பயம் தெளியட்டும் என்று என் மைத்துனர் சொல்லாமல் கொள்ளாமல் ஈ.சி.ஆர். வழியாகக் காரை விட்டார். அதற்குப் பிறகு ஆறு மாதம் நான் காரிலேயே ஏறவில்லை.

பதில்: மருத்துவச் சமூகப் பணியாளர்

எங்கே போவது, எவ்வளவு ஆகும் என்பதை யாரும் எழுதவில்லை, ஆகவே எழுதுகிறேன்.

முதல் அடியாக 14416 என்ற எண்ணை அழைக்கலாம். டெலி மானஸ் என்ற பெயரில் மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய இலவச மனநல உதவி எண் அது. இருபத்து நான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம். தங்கை பேச மறுத்தால் நீங்களே பேசி ஆலோசனை பெறலாம். பணம் ஒரு தடையென்றால் சென்னையின் பெரிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில், ராஜீவ் காந்தி பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் ஆகியவற்றில், மனநலப் புறநோயாளிப் பிரிவு இருக்கிறது. 1794ஆம் ஆண்டு வரை வேர் நீளும் கீழ்ப்பாக்கம் மனநல நிலையத்திலும் புறநோயாளியாகப் பார்த்துக்கொண்டு அன்றே வீடு திரும்பலாம். "கீழ்ப்பாக்கம்" என்பதை இந்த ஊர் ஒரு வசைச்சொல்லாக்கி வைத்திருப்பதால், அங்கே நிற்க வேண்டியவர்கள் பலர் வராமலே போகிறார்கள். கூட்டம் அதிகம் என்பதால் ஒவ்வொரு வாரமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசும் சிகிச்சை அரசு மருத்துவமனைகளில் எளிதில் கிடைப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மருந்தை அங்கே வாங்கிக்கொண்டு, பேச்சுவழிச் சிகிச்சையைத் தனியாரிடமோ தொண்டு நிறுவனத்திலோ பெறுபவர்கள் பலர்.

தனியாரிடம் போவதானால், பெயருக்குப் பின்னால் இருக்கும் எழுத்துகளைப் பாருங்கள். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பதில் எந்தக் கூச்சமும் வேண்டாம். அதிர்ச்சிச் சிகிச்சையில் பயிற்சி பெற்றிருக்கிறாரா, எந்த முறையில், அதிகபட்சம் எத்தனை அமர்வுகள் என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். வார இறுதிப் பயிலரங்கு ஒன்றை முடித்துவிட்டு, ஆழ்மனத்தைத் திறக்கிறேன் என்று பலகை மாட்டியிருப்பவர்கள் நகரில் குறைவில்லை.

2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தை அறிந்துவைத்திருங்கள். 2018 மே மாதத்திலிருந்து நடைமுறையில் உள்ளது. உடல்நோய்க்கு எந்த அடிப்படையில் காப்பீடு வழங்கப்படுகிறதோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் வழங்க வேண்டும் என்று அதன் 21ஆம் பிரிவு சொல்கிறது. புறநோயாளிச் செலவு உங்கள் பாலிசியில் அடங்குமா என்பதைத் தனியே பார்க்க வேண்டும். சிகிச்சை விவரங்களைப் பொதுவாக அவருடைய சம்மதமின்றி யாருக்கும் வெளியிடக் கூடாது என்று 23ஆம் பிரிவு சொல்கிறது. அலுவலகத்துக்குத் தெரிந்துவிடும், வரன் பார்ப்பவர்களுக்குத் தெரிந்துவிடும் என்ற அச்சம் உங்கள் தாயாருக்கு இருந்தால் இதை எடுத்துச் சொல்லலாம். இழப்பீட்டு வழக்கில் எலும்பு முறிவுக்கான சான்றுகளை மட்டும் வைத்திருப்பீர்கள்; மனநல மருத்துவரின் பதிவுகளையும் சேர்க்க முடியுமா என்று வழக்கறிஞரிடம் இப்போதே கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்: மேடவாக்கத்து அண்ணன்

அனைவருக்கும் மிக்க நன்றி. இன்னும் சில சந்தேகங்கள். போகலாம் என்று சொன்னாலே, "எனக்கு என்ன பைத்தியமா?" என்கிறாள். வேறு ஏதாவது காரணம் சொல்லி அழைத்துப் போய்விடலாமா? அம்மாவின் தாயத்தையும் கல்யாணப் பேச்சையும் என்ன செய்வது? நேற்று இரவு பேச்சுவாக்கில், "அவளுக்குப் பதில் நான் போயிருக்கலாம்" என்றாள். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பதில்: மருத்துவ உளவியலாளர், அடையாறு

கடைசியாகக் கேட்டதிலிருந்தே தொடங்குகிறேன். பிழைத்தவர்கள் பலர் அப்படிச் சொல்வதுண்டு. எல்லோரும் சாவை நாடுவதில்லை. ஆனால் ஊகிக்கக் கூடாது, கேட்க வேண்டும். தனிமையில், பதறாமல், "உயிரை விட்டுவிடலாம் என்று நினைக்கிறாயா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. கேட்க ஒரு ஆள் இருக்கிறார் என்பதே பலருக்கு நிம்மதி. ஆம் என்றாலோ, எப்படி என்று யோசித்து வைத்திருந்தாலோ, அடுத்த வாரத்துக்கு முன்பதிவு செய்து காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். இல்லை என்று சொன்னாலும் தூக்க மாத்திரை அட்டையை உங்கள் பொறுப்பில் வைத்துக்கொண்டு அன்றன்றைக்கு உரியதைக் கொடுப்பது நல்லது. 1986 முதல் சென்னையில் இயங்கும் சிநேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பை அவரும் அழைக்கலாம், நீங்களும் அழைக்கலாம்.

பொய் சொல்லி அழைத்து வராதீர்கள். பல் மருத்துவரிடம் போகிறோம் என்று கூட்டிவந்து என் அறையில் உட்காரவைத்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்கள் என்னிடம் வாய் திறக்க ஆகும் காலத்தில் வேறொருவருக்குப் பாதிச் சிகிச்சையே முடிந்திருக்கும். நோயின் பெயரைச் சொல்லி வாதாடவும் வேண்டாம். அவருக்கே தொல்லையாக இருக்கும் ஒன்றிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள். தூக்கமாக இருக்கலாம், சாட்சிக் கூண்டாக இருக்கலாம். "ஒரே ஒரு தடவை வா, பிடிக்காவிட்டால் இரண்டாவது தடவை கேட்கமாட்டேன்" என்று சொல்லுங்கள், சொன்னபடியே நடந்துகொள்ளுங்கள். யாரைப் பார்ப்பது என்பதையும் அவரே தேர்ந்தெடுக்கட்டும். விபத்து அவர் கையிலிருந்து பறித்தது கட்டுப்பாட்டைத்தான். அதைத் திருப்பிக் கொடுக்கும் வேலை அழைத்து வருவதிலிருந்தே தொடங்குகிறது.

தாயத்து இருக்கட்டும். மகளுக்காகத் தாய் செய்யக்கூடியதைச் செய்திருக்கிறார், அதைக் கழற்றச் சொல்லும் சிகிச்சையாளரை நான் மதிக்கமாட்டேன். அது இல்லாமல் வாசலைத் தாண்டவே முடியாது என்ற நிலை வந்தால், பெரம்பூர் வாசகியின் பேருந்துக் கம்பியைப் போல அதையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். திருமணம் வேறு விஷயம். அதை மருந்தாகக் கொடுப்பதை நான் எதிர்க்கிறேன். புது வீட்டில், விவரம் தெரியாத கணவருக்குப் பக்கத்தில், நள்ளிரவில் அலறி எழும் நிலைக்கு ஒரு பெண்ணைத் தள்ளக் கூடாது. சிகிச்சை முடியும்வரை வரன் பேச்சைத் தள்ளிவைக்கும்படி நீங்கள்தான் அம்மாவிடம் பேச வேண்டும்.

ராயபுரம் ஐயா சொன்னதில் சரிபாதி சரி. அவர் கை நடுக்கம் நின்றது பத்தாவது நடையில். ஒவ்வொரு நடையும் பயந்தது நடக்கவில்லை என்று அவர் உடலுக்குக் கற்பித்தது. நாங்கள் செய்வதற்கும் அதற்கும் அடிப்படை ஒன்றே. வேறுபாடு, ஸ்டியரிங் அவர் கையில் இருந்தது, வேலைக்குத் திரும்புவது தன் பிழைப்பு என்ற நோக்கமும் இருந்தது. இன்னொருவர் வலுக்கட்டாயமாகக் கொண்டுபோய் நிறுத்தினால், தப்ப வழியில்லை என்ற அதே பழைய அனுபவம்தான் மீண்டும் பதியும். இரவில் குடித்துத் தூங்கிய அவருடைய நண்பரும் பகலில் அதே சாலையில்தான் ஓட்டினார். சாலையை எதிர்கொண்டார், நினைவை எதிர்கொள்ள அவருக்கு யாரும் உதவவில்லை.

ஆகவே நீங்களாகவே ரேடியல் சாலைப் பக்கம் காரைத் திருப்ப வேண்டாம். இன்று வரை செய்துவரும் உதவிகளை ஒரே நாளில் நிறுத்தவும் வேண்டாம். எதை எப்போது விலக்கிக்கொள்வது என்பதைச் சிகிச்சையாளர் அவரோடு பேசி முடிவுசெய்து உங்களிடம் சொல்வார். தோழியின் தாயாருடன் பேசுவதும் அப்படியே. அது எப்போதாவது நடக்க வேண்டிய ஒன்று, ஆனால் உங்கள் தங்கை ஆயத்தமான பிறகு. அதுவரை வீட்டிலிருந்து யாராவது அந்த அம்மாவை அழைத்து, "இவள் இன்னும் பேசும் நிலையில் இல்லை" என்று மட்டும் சொல்லிவையுங்கள். பிள்ளையை இழந்தவர் பதில் வராத அழைப்புகளுக்கு என்ன பொருள் கொள்கிறாரோ.

சாட்சி சொல்லும் நாளை வழக்கறிஞர் மூலம் சிறிது தள்ளிவைக்க முடிந்தால் நல்லது, முடியாவிட்டால் அதற்கென்றே இரண்டு அமர்வுகளை ஒதுக்கலாம். என்ன கேட்பார்கள், எங்கே நிற்க வேண்டும், பதற்றம் கூடினால் தண்ணீர் கேட்பது எப்படி என்பது வரை ஒத்திகை பார்ப்போம். அதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது வரப்போகும் ஐப்பசி. மழையும் அந்தத் தேதியும் சேர்ந்து வரும்போது, தேறிவந்தவர்களுக்குக்கூட அறிகுறிகள் திரும்பலாம். அதற்குள் சில அமர்வுகளாவது முடிந்திருக்க வேண்டுமானால் இந்த வாரமே முதல் சந்திப்புக்கு நேரம் வாங்கிவிடுங்கள்.